திரைக்குப் பின்னால் 4 கோடி இலக்கம்

8816943275 என்று ஆரம்பிக்கிறது. 486871551 என்று முடிகிறது. நடுவில் இருப்பதையும் அச்சிட்டுக் காட்டலாமே என்று கேட்காதீர்கள். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள்! வினாடிக்கு ஓர் இலக்கம் என்று சோறு, தூக்கம் இல்லாமல் வாசித்தாலும் 475 நாள் பிடிக்கும்.

2024 அக்டோபர் 21 அன்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டபோது, மனிதர்கள் அதுவரை பிடித்த பகா எண்களிலேயே ஆகப் பெரியது இதுதான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. முழுப் பெயரைச் சொல்ல 475 நாள் ஆகும் ஆசாமிக்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு:

2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1

அவ்வளவுதான்! இரண்டை 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 தடவை தன்னோடு தானே பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் இந்த எண். அரை வரியில் அடங்கும் இந்த எளிமைதான் அது மாட்டிக்கொண்டதற்கும் காரணம். போகிற போக்கில் யாராவது 4 கோடி இலக்கத்தை எழுதி, "இது பகா எண்ணா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று நீட்டினால், இன்றைய கணினிகள் எல்லாம் கைவிரித்துவிடும். இந்த எண்ணுக்கு மட்டும் ஒரு கொல்லைப்புறக் கதவு இருக்கிறது. வாருங்கள், அந்த வழியாக உள்ளே நுழைவோம்.

நெல்மணியில் ஒரு பிறப்பு ரகசியம்

சதுரங்கப் பலகைக் கதை தெரியும்தானே? முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு, பிறகு எட்டு. இரண்டு கட்டம் முடிந்ததும் கையிலிருக்கும் மொத்த நெல் 3. மூன்று கட்டம் முடிந்தால் 7. நான்கு முடிந்தால் 15. ஐந்து முடிந்தால் 31. எத்தனை கட்டம் போனாலும் மொத்தம், இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவாகவே வரும்.

இப்போது அந்த நெல்லைச் சம அளவு மூட்டைகளாகக் கட்டப் பாருங்கள். 15 நெல்லை ஐந்தைந்தாக மூன்று மூட்டை கட்டலாம். 7 நெல்லை எப்படிப் பிரித்தாலும் மூட்டைகள் சமமாக வராது. 31-ம் அப்படியே. மூட்டை கட்ட வராத மொத்தங்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். நம் நாயகன் 13.6 கோடி கட்டம் உள்ள ஒரு பலகையின் மொத்த நெல். எந்தக் கொம்பனாலும் அதைச் சம மூட்டைகளாகக் கட்ட முடியாது!

கட்டங்களின் எண்ணிக்கையே பகு எண்ணாக இருந்தால் மொத்தமும் பகு எண்தான். அதில் மாற்றமே கிடையாது. எனவே கட்ட எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண். 2¹¹ − 1 எவ்வளவு? 2047. அது 23 × 89 என்று உடைந்துவிடுகிறது. இந்தப் பதினொன்றில்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. எந்த அடுக்கு தேறும், எந்த அடுக்கு காலை வாரும் என்று முன்கூட்டியே சொல்ல இன்றுவரை ஒரு சூத்திரமும் இல்லை. ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

துறவி போட்ட பட்டியல், பேராசிரியர் போட்ட பெருக்கல்

மெர்சென் என்பவர் பாரிஸில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் துறவி. ஃபெர்மா, தெகார்த் போன்ற பெரிய தலைகளுக்கு நடுவே கடிதம் வழியே கணிதச் செய்தி பரப்புவதில் மன்னர். 1644-ல் ஒரு புத்தகத்தில், 257 வரை எந்தெந்த அடுக்குகளுக்கு இந்த எண் பகா எண்ணாகும் என்று ஒரு பட்டியலையே போட்டுவிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. அன்றைக்கு யாராலும் சரிபார்க்க முடியவில்லை. பிற்பாடு பார்த்தால் 67-ம் 257-ம் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுப் போயிருக்கின்றன. பதினொன்றில் இரண்டு தப்பு, மூன்று விடுபாடு. ஆனாலும் பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது!

அந்த 67-க்கு ஒரு தனிக் கதை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் மேடையேறினார். பேசவே இல்லை. கரும்பலகையின் ஒரு பக்கம் 2⁶⁷ − 1-ஐக் கணக்கிட்டு எழுதினார். மறுபக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் எழுதி, நிதானமாகக் கையாலேயே பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே விடை. சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று பின்னாளில் கேட்டதற்கு, "மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்று பதில் சொன்னதாக ஒரு கதையும் உலவுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அது பகு எண்தான் என்பது 1876-லேயே தெரியும். பிரெஞ்சுக்காரர் எடுவார் லூக்கா அப்போதே நிரூபித்துவிட்டார். காரணிகளில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல்! "இந்த நெல்லைச் சம மூட்டையாகக் கட்டலாம், மூட்டைக்கு எத்தனை என்று மட்டும் என்னைக் கேட்காதே" என்று சொல்லும் வித்தை அவர் கையில் இருந்தது. அதே வித்தையை வைத்து அதே ஆண்டில் 2¹²⁷ − 1 பகா எண் என்று நிலைநாட்டினார். 39 இலக்கம், எல்லாம் கைக்கணக்கு. அந்தச் சாதனையை முறியடிக்க 1951 வரை, முக்கால் நூற்றாண்டு, ஆள் வரவில்லை.

இந்த லூக்காதான் ஹனோய் கோபுரம் என்ற புதிரைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். மூன்று கம்பி, அளவு வாரியாக அடுக்கிய வட்டுகள், பெரியதைச் சிறியதன் மேல் வைக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் அதே புதிர்தான். அதை முடிக்கக் குறைந்தது எத்தனை நகர்த்தல் தேவை? மூன்று வட்டுக்கு 7, ஐந்து வட்டுக்கு 31. ஆமாம், இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவு! பகலில் அலசிய எண்ணையே மனிதர் பொம்மைக்குள்ளும் ஒளித்து வைத்துவிட்டார்.

கொல்லைப்புறக் கதவின் சாவி

லூக்காவின் முறையை 1930-களில் அமெரிக்கர் டெரிக் லேமர் செதுக்கிச் செப்பனிட்டார். லூக்கா-லேமர் சோதனை என்று பெயர். நாலாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், நீங்களே செய்து பார்க்கலாம்.

4-ல் ஆரம்பியுங்கள். அதன் வர்க்கத்தை எடுத்து 2-ஐக் கழியுங்கள். வந்ததைச் சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கம், மறுபடி 2 கழித்தல், மறுபடி மீதி. அடுக்கைவிட இரண்டு தடவை குறைவாக இதைச் செய்யுங்கள். கடைசியில் சுத்தமாகப் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். அப்பீலே கிடையாது.

2⁵ − 1 = 31-ஐப் பார்ப்போமா? அடுக்கு 5, எனவே மூன்று தடவை. 4-ன் வர்க்கம் 16, இரண்டு போனால் 14. அதன் வர்க்கம் 196, இரண்டு போனால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. அதன் வர்க்கம் 64, இரண்டு போனால் 62. அது 31-ன் சரியான இரு மடங்கு. மீதி பூஜ்யம். 31 தேறிவிட்டது! இதையே 2047-க்குச் செய்தால் ஒன்பதாவது தடவையில் பூஜ்யம் வராது, 1736 வந்து நிற்கும். குட்டு வெளிப்பட்டுவிட்டது, ஆனால் 23, 89 என்ற பெயர்கள் கடைசிவரை வெளியே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்குள்ளேயே இன்னொரு குறும்பு இருக்கிறது. 194-ஐ 31-ஆல் வகுக்க வகுத்தலே தேவையில்லை! கணினியின் இரும மொழியில் 194 என்பது 11000010. கடைசி ஐந்து இலக்கங்களை வெட்டி எடுங்கள்: 00010, அதாவது 2. முன்னால் மிஞ்சியது 110, அதாவது 6. இரண்டையும் கூட்டினால் 8. மீதி அதுவேதான். 31 என்பது இரும மொழியில் வெறும் 11111 என்பதால் வந்த சலுகை இது. நம் நாயகனும் இரும மொழியில் 13,62,79,841 ஒன்றுகளின் அணிவகுப்பு. இடையில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. அதனால் கோடிக்கணக்கான இலக்கம் உள்ள வகுத்தல், வெட்டி ஒட்டிக் கூட்டுவதோடு முடிந்துவிடுகிறது. எளிமையான எண் என்று முதலிலேயே சொன்னது இதைத்தான்.

இன்ஜின் ரூமில் என்ன சத்தம்?

வகுத்தல் சுலபம். வர்க்கம்? அங்கேதான் இன்ஜின் சூடாகிறது. 4.1 கோடி இலக்க எண்ணைப் பள்ளிக்கூட முறையில் தன்னோடு பெருக்கினால், ஒற்றை இலக்கப் பெருக்கல்கள் மட்டும் சுமார் 17 கோடி கோடி. அதுவும் ஒரு தடவைக்கு. நமக்கோ 13,62,79,839 தடவை வேண்டும்!

இங்கே கைகொடுப்பது ஃபூரியர் உருமாற்றம் என்ற உத்தி. ஒலியையும் படத்தையும் அலைகளாகப் பிரிக்கும் அதே கணிதம், எண்ணின் இலக்கங்களையும் ஓர் அலை போலப் பாவித்துப் பிரித்துப்போடுகிறது. பிரித்த நிலையில் பெருக்கல் பொடிப்பொடியாக நடக்கும். பிறகு திரும்பச் சேர்த்தால் விடை. மலையாக நின்ற வேலை, நொடிக்குப் பல நூறு தடவை முடிகிற வேலையாகிவிடும்.

இந்த வித்தைகளை எல்லாம் சாதாரண வீட்டுக் கணினிக்குள் இறக்கியவர் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்க நிரலாளர். 1996-ல் அவர் தொடங்கிய இயக்கத்தின் பெயர் கிம்ப்ஸ். அவர் எழுதிய மென்பொருள் பிரைம்95. உங்கள் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் ஓர் அடுக்கை வாங்கிக்கொண்டு வர்க்கம், கழித்தல், மீதி என்று அரைத்துக்கொண்டே இருக்கும். அதே ஆண்டு நவம்பரில் முதல் பகா எண் விழுந்தது. அடுத்த 28 ஆண்டுகளுக்கு இந்தச் சாதனைப் பட்டியலில் ஏறியதெல்லாம் சாதாரணக் கணினிகள்தான்.

இன்ஜின் ரூமில் எல்லோருக்கும் ஒரே பயம், ஒற்றைப் பிழை. பத்துக் கோடியாவது தடவையில் நினைவகத்தில் ஓர் 1 தவறிப்போய் 0 ஆகிவிட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பை. வாரக்கணக்கில் ஓடி, கடைசியில் தப்பான விடையைக் கொடுத்துவிட்டுக் கணினி பேசாமல் நிற்கும். அதனால் இப்போது முதலில் நடப்பது வேறு வகைச் சோதனை. "அநேகமாகப் பகா எண்" என்று மட்டும் அது சொல்லும். ராபர்ட் ஜெர்பிச் என்பவர் கண்ட ஒரு சரிபார்ப்பு முறை, ஓடும்போதே பிழையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அங்கே தேறினால்தான் லூக்கா-லேமர் மேடைக்கு வருவார். அதுவும் ஒருமுறை இல்லை. வெவ்வேறு மென்பொருள், வெவ்வேறு வகை இயந்திரம், வெவ்வேறு ஆட்கள் என்று எல்லோரும் ஒரே குரலில் பூஜ்யம் என்று சொன்னால்தான் அறிவிப்பு. அதுவரை விஷயம் தெரிந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

மெயில் வராத நாலு மாதம்

இப்போது கொஞ்சம் கிசுகிசு. மத்திய மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் கர்டிஸ் கூப்பர் என்ற பேராசிரியர், வளாகத்துக் கணினிகளில் எல்லாம் இந்த மென்பொருளை ஓடவிட்டிருந்தார். 2015 செப்டம்பர் 17 அன்று அதில் ஒரு கணினி 2⁷⁴²⁰⁷²⁸¹ − 1 பகா எண் என்று சர்வருக்குத் தகவல் அனுப்பியது. உலக சாதனை! சர்வர் உடனே மின்னஞ்சல் அனுப்பி எல்லோரையும் எழுப்பியிருக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் போகவே இல்லை. 2016 ஜனவரி 7 அன்று வழக்கமான பராமரிப்பின்போதுதான் கிடப்பில் கிடந்த விடை ஒரு மனிதக் கண்ணில் பட்டது. உலகின் மிகப் பெரிய பகா எண் நாலு மாதத்துக்கு அருகில் சீந்துவாரில்லாமல் கிடந்திருக்கிறது! கண்டுபிடித்த தேதி எது என்று குழப்பமே வரவில்லை. இயந்திரம் சொன்ன நாள் கணக்கில் சேராது, மனிதர் பார்த்த நாள்தான் கணக்கு என்பது அங்கே சம்பிரதாயம்.

அதிர்ஷ்டம் எப்படியெல்லாம் விளையாடும் தெரியுமா? டென்னசியைச் சேர்ந்த ஜோனாதன் பேஸ் என்ற பொறியாளர் 14 ஆண்டுக்கு மேல் தேடி, 2017 டிசம்பர் 26 அன்று ஒன்றைப் பிடித்தார். 2,32,49,425 இலக்கம். ஜப்பானில் ஒரு பதிப்பகம் அந்த இலக்கங்களை மட்டும் அச்சடித்து 719 பக்கத்தில் புத்தகமாகவே போட்டது. கதையும் கிடையாது, கதாபாத்திரமும் கிடையாது. அதுவும் விற்றுத் தீர்ந்தது! அடுத்த ஆண்டே ஃபுளோரிடாவின் பேட்ரிக் லரோஷ் அவரை முந்தினார். தாம் கட்டும் கணினிகள் தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்க்கத்தான் அவர் இந்த மென்பொருளை முன்பு பயன்படுத்தி வந்தார். தேடலில் இறங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. நான்காவது எண்ணிலேயே அடித்தது யோகம். ஒருவருக்கு 14 ஆண்டு, இன்னொருவருக்கு நாலே முயற்சி!

பழைய ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1952 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் சுவாக் என்ற கணினியில் ஒரே இரவில் இரண்டு மெர்சென் பகா எண்கள் விழுந்தன. நிரலை எழுதிய ரஃபேல் ராபின்சன் அந்த இயந்திரத்தைப் பார்த்ததே இல்லை. கையேட்டைப் படித்தே எழுதி அனுப்பியிருந்தார். 1963-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கில்லிஸ் 2¹¹²¹³ − 1-ஐக் கண்டதும், கணிதத் துறை தன் தபால் முத்திரையிலேயே "2¹¹²¹³ − 1 பகா எண்" என்று பொறித்துக்கொண்டது. கல்லூரிக் கட்டண நினைவூட்டலாக இருந்தாலும் உறைமேல் அந்தப் பெருமை இருந்தே தீரும்!

டப்ளினில் சந்தேகம், டெக்சஸில் உறுதி

நம் நாயகனைப் பிடித்தவர் லூக் டுரான்ட். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேக்காரர். அப்போது வயது 36. கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர். எல்லோரும் வீட்டுக் கணினியை வைத்துக்கொண்டு உருட்டுகிறார்களே, டேட்டா சென்டர்களில் இருக்கும் கிராபிக்ஸ் சிப்புகளை வாடகைக்குப் பிடித்தால் என்ன என்று யோசித்தார். 17 நாடுகளில் 24 இடங்களில் பரவிய ஆயிரக்கணக்கான சிப்புகள். கிராபிக்ஸ் சிப்புக்கென்றே மிஹாய் பிரேடா எழுதிய மென்பொருள் அவற்றில் ஓடியது.

2024 அக்டோபர் 11. அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு சிப், "இது அநேகமாகப் பகா எண்" என்றது. மறுநாள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொரு சிப் லூக்கா-லேமர் சோதனையை முடித்து, "அநேகமாக எல்லாம் இல்லை, பகா எண்ணேதான்" என்றது. சாதாரணக் கணினிகளின் 28 ஆண்டு ராஜ்ஜியம் அன்றோடு முடிந்தது. முந்தைய சாதனையைவிட இது 1.6 கோடி இலக்கம் நீளம்.

பரிசு? 3,000 டாலர். அதையும் தாம் வைத்துக்கொள்ளவில்லை. அலபாமாவில் உள்ள கணித, அறிவியல் பள்ளிக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். சிப் வாடகைக்கு அவர் கைக்காசு போனது ஏறத்தாழ 20 லட்சம் டாலர் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. இதற்குப் பெயர்தான் பைத்தியம். நல்ல பைத்தியம்!

முகம் பார்க்காமல் ஜாதகம்

4 கோடி இலக்கத்தையும் ஒருவரும் வாசித்ததில்லை. ஆனால் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டே இந்த எண்ணின் அந்தரங்கங்களை நாம் கறந்துவிடலாம்.

கடைசி இலக்கம் 1 என்பதை எண்ணைப் பார்க்காமலே சொல்ல முடியுமா? இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற கடைசி இலக்கங்களோடு நாலுக்கு ஒரு முறை சுற்றிச் சுற்றி வரும். நம் அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2¹³⁶²⁷⁹⁸⁴¹-ன் கடைசி இலக்கம் 2. ஒன்றைக் கழித்தால் 1. முடிந்தது.

இலக்கங்கள் அத்தனையையும் கூட்டி, வந்ததன் இலக்கங்களை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால்? 9-ஆல் வகுத்து வரும் மீதிதான் அது. 9-ஆல் வகுத்தால் இரண்டின் அடுக்குகள் தரும் மீதிகள் 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறுக்கு ஒரு முறை சுற்றும். நம் அடுக்கை 6-ஆல் வகுத்தால் மீதி 5. ஐந்தாவது இடத்தில் இருப்பது 5. ஒன்றைக் கழித்தால் 4. நியூமராலஜிக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்: உலகையே கலக்கிய இந்த எண்ணின் கூட்டு எண் 4!

இன்று ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் அளவு நாட்கள் கழித்து என்ன கிழமை? 7-ஆல் வகுத்தால் மீதி 3. புதன்கிழமை. சூரியன் இருக்காது, பூமி இருக்காது. கிழமை மட்டும் சந்தேகமில்லாமல் புதன்.

இன்னொரு பொக்கிஷமும் உண்டு. 1-லிருந்து இந்த எண் வரை எல்லா எண்களையும் கூட்டினால் வருவது ஒரு செவ்விய எண். அதாவது, தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண். 1 + 2 + 3 = 6; 6-ன் வகுத்திகளும் 1, 2, 3-தான். 1 முதல் 7 வரை கூட்டினால் 28. அதன் வகுத்திகள் 1, 2, 4, 7, 14. கூட்டிப் பாருங்கள், 28! ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் இப்படி ஒரு செவ்விய எண்ணைக் கையோடு கூட்டிவரும் என்று யூக்ளிட் 2,300 ஆண்டுக்கு முன்பே நிரூபித்து வைத்துவிட்டார். இரட்டைப்படைச் செவ்விய எண்ணுக்கு வேறு வழியே இல்லை என்பதை ஆய்லர் பின்னாளில் சேர்த்தார். ஆக டுரான்ட் பிடித்தது ஒன்று, கிடைத்தது இரண்டு: இலவச இணைப்பு 8,20,48,640 இலக்கச் செவ்விய எண். ஒற்றைப்படையில் ஒரு செவ்விய எண்ணாவது உண்டா என்பது இன்றும் விடை தெரியாத கேள்வி.

சரி, இதனால் காசு பணம் வருமா?

வங்கி ரகசியங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டுகளுக்குப் பகா எண் வேண்டும், உண்மை. ஆனால் அங்கே தேவைப்படுவது முந்நூறு சொச்சம் இலக்கம் உள்ள, யாருக்கும் தெரியாத எண்கள். ஊரெல்லாம் தெரிந்த ஒன்றை வைத்துப் பூட்டுப் போட்டால் திருடனுக்குச் சாவியை நாமே கொடுத்த மாதிரி. ஆக நேரடிப் பயன் சுழி.

மறைமுகமாக? பகா எண் தேடுகிறவர்கள் சிப் நிறுவனங்களைத் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறார்கள். 1994-ல் வர்ஜீனியாவைச் சேர்ந்த பேராசிரியர் டாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விடை இடித்தது. ஆராய்ந்தால் குற்றவாளி அவர் நிரல் இல்லை, இன்டெலின் பென்டியம் சிப்! வகுத்தலில் பிழை. அந்த விவகாரத்துக்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். 2016-ல் அதே நிறுவனத்தின் புதிய சிப் ஒன்றை, வோல்ட்மனின் பிரைம்95 ஒரு குறிப்பிட்ட அடுக்கில் ஓடும்போது உறைய வைத்தது. அந்தப் பிழையையும் இன்டெல் ஒப்புக்கொண்டு திருத்தியது. கணினியைப் பிழிந்து பார்க்க இந்தக் கணக்கைவிடக் கொடூரமான பரீட்சை இல்லை என்பதால், கேமிங் ஆட்கள் புதுக் கணினி கட்டியதும் முதலில் ஓட்டிப் பார்ப்பது பிரைம்95-ஐத்தான்.

அடுத்த இலக்கு கண்முன்னே தொங்குகிறது. 10 கோடி இலக்கப் பகா எண்ணை முதலில் பிடிப்பதற்கு அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 1,50,000 டாலர் பரிசு அறிவித்து வைத்திருக்கிறது. மென்பொருள் இலவசம், கரண்ட் பில் உங்களுடையது. மெர்சென் பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்றே இன்னும் நிரூபணம் இல்லை என்பதால், அடுத்தது எங்கே ஒளிந்திருக்கிறது, யார் கணினியில் விழும், அடுத்த மாதமா அடுத்த தலைமுறையா என்று எவராலும் ஆரூடம் சொல்ல முடியாது.

ஆனால் மூன்று விஷயங்களை இப்போதே பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். அடுத்து வரும் மெர்சென் பகா எண், இரும மொழியில் வெறும் ஒன்றுகளாக இருக்கும். அதன் கடைசி இலக்கம் 1 அல்லது 7. கடிகாரம் பன்னிரண்டைக் காட்டும்போது தொடங்கி, அந்த எண் அளவு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முள் நிற்பது ஏழில். 7-க்கும் அப்படித்தான், 31-க்கும் அப்படித்தான், நம் 4 கோடி இலக்கக்காரருக்கும் அப்படித்தான். ஆள் யாரென்றே தெரியாது, மணி மட்டும் ஏழு. பந்தயம் கட்ட யார் தயார்?